வலை மக்காத மண்

மேம்பாடு என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சொல் பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதைச் சொல்லிக்கொண்டு எங்கள் ஊருக்குள் நுழைந்தவர்களை நினைத்துத்தான் வயிறு எரிகிறது. தலையாட்டி அவர்களை உள்ளே விட்ட எங்கள் ஊர்க்காரர்களையும் நான் விடமாட்டேன். அதில் முதல் ஆள் என்னைப் பெற்ற நைனா.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக் கரையில் இருக்கிறது. படகுத் துறையில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் பசியாவரம் தெரியும். ஊரைச் சுற்றி எங்கே மண்வெட்டியைப் போட்டாலும் உப்பு. கீரை விதைத்தால் மூன்றாம் இலை வருவதற்குள் கருகிவிடும். நல்ல மண் என்று இருந்தது ஒரே இடத்தில்தான். ஊருக்கு வடக்கே, பனையும் பூவரசும் வேம்புமாக நின்ற ஒரு மேடு. அதுதான் எங்கள் இடுகாடு.

சாவுக்குப் பெண்கள் மேட்டுக்குப் போகக் கூடாது, சுள்ளி பொறுக்கப் போகலாம். இது எங்கள் ஊர் நியாயம். சின்ன வயதில் அம்மாவோடு சுள்ளிக்குப் போவேன். சருகை விலக்கினால் கீழே கறுப்பாக, ஈரமாக, கையில் பிடித்தால் உதிர்கிற மண். முதல் மழை விழுந்ததும் அந்த மேட்டிலிருந்து ஒரு வாசனை கிளம்பி ஊர் முழுக்க வரும். மறுநாள் ஈசல் பறக்கும். அதற்கு அடுத்த நாள் வேம்படியில் வெள்ளை வெள்ளையாகக் காளான் தலை நீட்டும். மீன் நாற்றமே தெரியாமல் எங்கள் ஊர் மணந்தது அந்த இரண்டு மூன்று நாட்களில்தான்.

நாங்கள் எரிப்பதில்லை, புதைப்பதுதான். மேடு சின்னது, ஊர் பெரியது. அதனால் ஒரு வழக்கம் இருந்தது. புருஷனுக்கு வெட்டிய குழியிலேயே பெண்டாட்டியையும் வைப்பார்கள். சில வருஷம் கழித்து அவள் போகும்போது பழைய குழியைத் திறப்பார்கள். உள்ளே எலும்பு மட்டும் கிடக்கும். அதை ஒரு புதுத் துணியில் சேர்த்துக் கட்டி, தலைமாட்டில் வைத்து, அவளை இறக்குவார்கள். குழி வெட்டிவிட்டு வருகிற ஆண்கள் செத்த வீட்டு வாசலில் நின்று, "மண்ணு தின்னுட்ச்சிமா" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்காக உள்ளே பெண்கள் காத்திருப்பார்கள். அதைக் கேட்ட பிறகுதான் ஒப்பாரியில் புருஷன் பெயரைச் சேர்த்துப் பாடுவார்கள். மண் தின்றுவிட்டால் போனவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்று அர்த்தம்.

என் அம்மா இந்த வழக்கத்தை உயிரோடு இருக்கும்போதே சொந்தம் கொண்டாடியவள். நைனாவோடு சண்டை வந்தால், வந்தால் என்ன, தினம் வரும், கடைசியில் இங்கேதான் வந்து முடிப்பாள்.

"உயிரோட கீறப்ப ஒருநாளு ஊட்ல தங்கனது இல்ல இந்த மன்சன். ஏரி, ஏரி, அத்த வுட்டா கடலு. செத்தாவது என் பக்கத்துல ஒழுங்கா கெடக்கட்டும்."

"அங்க வந்தும் நீ வாய மூடப்போறது இல்ல" என்பார் நைனா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அம்மா சிரிக்க மாட்டாள். அவள் அதை நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த மேட்டில் இன்னொன்றும் புதைப்போம். பழைய வலை. அப்போது நைலான் வந்துகொண்டிருந்தாலும் பாதி வீடுகளில் பருத்தி நூல் வலைதான். சோறு போட்ட வலையைக் கொளுத்தக் கூடாது. கிழிந்து உபயோகமில்லாமல் போனால், அடியில் கனத்துக்குக் கோத்த மண்குண்டுகளோடு சேர்த்து மேட்டு மரத்தடியில் புதைத்துவிடுவார்கள். அடுத்த மழைக்காலத்துக்குப் பின் தோண்டினால் நூல் ஒன்றும் இருக்காது, சுட்ட களிமண் குண்டுகள் மட்டும் கையில் வரும். மனிதனையும் வலையையும் அந்த மண் ஒரே மாதிரிதான் நடத்தியது.

எமர்ஜென்சி காலத்தில் மேட்டுக்கு மேம்பாடு வந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஏரி மேட்டின் ஓரத்தை அரித்துக்கொண்டிருந்தது உண்மைதான். ஒரு வருஷம் யாரோ ஒருவருடைய எலும்பு துறைவரைக்கும் மிதந்து வந்து ஊரே அழுதது. அந்த அழுகையை எவனோ ஒரு காண்டிராக்டர் காதில் போட்டிருக்கிறார்கள். ஜீப்பில் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் சுருட்டிய காகிதம். ஊர் ஆண்களைத் துறையில் கூட்டி வைத்துப் பேசினான்.

"பெரியவங்களே, மேட்ட வெட்டிச் சமமாக்கி, படகுக் கால்வாய ஆழப்படுத்துற சேத்த அதுமேல கொட்டி, ஆள் ஒசரம் ஏத்தித் தர்றோம். இனிமே ஒங்க செத்தவங்க கால்ல தண்ணி படாது."

வெட்டுகிற மேட்டு மண் எங்கே போகும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பானா? ஆனால் ஏரிச் சேறு என்று அவன் சொன்னதும் எங்கள் ஆட்களின் முகம் மலர்ந்துவிட்டது. எங்களுக்கு ஏரி என்றால் தாய். தாய் மடி மண்ணில் படுப்பதற்குக் கசக்குமா? நைனா எழுந்து நின்று, "நம்ம ஏரி மண்ணு நமக்கு. நல்ல வேலதான், நடக்கட்டும்" என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்தும் பெருமையாகச் சொன்னார்.

புல்டோசர் வந்தது. இருந்த எலும்புகளையெல்லாம் பொறுக்கி ஒரே குழியில் வைத்துப் பால் ஊற்றிப் படையல் போட்டார்கள். பிறகு மரங்கள் விழுந்தன. கறுத்த மேல்மண் லாரி லாரியாகப் போனது. கால்வாயிலிருந்து வாரிய சாம்பல் நிறச் சேற்றைக் கொட்டி, அதன்மேல் புல்டோசரை முன்னும் பின்னும் ஓட்டி அமுக்கினார்கள். சுற்றிலும் கல் கட்டினார்கள். அவர்களுடைய இயந்திரத்துக்கு எட்டாமல், ஏரியோரமாக நாலைந்து பனையோடு மேட்டின் வால் மாதிரி ஒரு துண்டு மட்டும் தப்பித்தது. சமமாக, சதுரமாக, மூலைக்கு மூலை கல்லோடு நின்ற புது மேட்டைப் பார்த்து ஊரே பூரித்துப்போனது. எனக்கும் முதலில் அழகாகத்தான் இருந்தது.

நான் அப்போது அனுப்பம்பட்டுப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். கல்யாணமாகி மீஞ்சூரில் குடித்தனம். லீவு நாட்களில் ஊருக்கு வருவேன். வகுப்பில் மண் பற்றி ஒரு பாடம் உண்டு. ஒரு பிடி நல்ல மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன, அவற்றிலும் பல வகை, இலையைத் தின்பவை, நூலைத் தின்பவை, எலும்பை அரிப்பவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும். படகில் ஒருவன் துடுப்புப் போட, ஒருவன் வலை வீச, ஒருவன் தண்ணீர் இறைப்பது போல ஆளுக்கொரு வேலை என்று நான் சேர்த்துச் சொல்வேன். ஒருத்தன் குறைந்தால் படகு போகாது.

இரண்டு மழை கழிந்திருக்கும். புது மேட்டில் வேப்பங்கன்று வைக்க ஊரில் முடிவு செய்தார்கள். நைனா குழி தோண்டியபோது மண்வெட்டியில் ஏதோ சிக்கியது. இழுத்துப் பார்த்தால், மேடு கட்டிய புதிதில் அவரே புதைத்த பருத்தி வலை. அப்படியே முழுசாக இருந்தது. நூலின் நிறம் மாறியிருந்ததே தவிர, இழுத்தாலும் அறுபடவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலம் மாதிரி வீட்டுக்கு வந்தார். நானும் அன்றைக்கு ஊரில் இருந்தேன்.

"பாத்தியாமே? ரெண்டு மழ பாத்த வல. ஒரு கண்ணிகூட அறுந்துபோவல. இதான் ஏரி மண்ணு."

துறையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. நினைத்துப் பார்த்தால் எனக்கு அவர்கள்மேல் கோபமும் வருகிறது, பரிதாபமும் வருகிறது. எங்கள் ஆட்களின் ஆயுசு பூராவும் மக்கிப்போவதோடு சண்டைதான். வலை மக்கக் கூடாது என்று மரப்பட்டையைக் காய்ச்சித் துவர் ஏற்றுவார்கள். படகு மக்கக் கூடாது என்று தார் பூசுவார்கள். மீன் அழுகக் கூடாது என்று உப்பில் புரட்டுவார்கள். அப்படிப்பட்டவர்களின் கையில், தானாகவே எதையும் மக்கவிடாத ஒரு மண் கிடைத்தால் கொண்டாடாமல் என்ன செய்வார்கள்? விவசாயக் குடும்பமாக இருந்தால் அன்றைக்கே தலையில் கை வைத்திருப்பார்கள்.

நான் மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். போன மழைக்கு முன் யாரோ போட்ட தென்னை ஓலை போட்டபடியே கிடந்தது. மண்புழு இல்லை, எறும்புகூட இல்லை. குழியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து மோந்தால் அழுகிய முட்டை நாற்றம். அழுத்திய சேற்றுக்குள் காற்றே போகவில்லை, உப்பு வேறு. அந்த இறுகின கட்டிக்குள் வாழத் தெரிந்தது சேற்றுக்குப் பழகின ஒன்றிரண்டு வகை உயிர்கள் மட்டும்தான். மற்ற வேலையாட்கள் எல்லாரும் லாரியில் போய்விட்டார்கள்.

"நைனா, மண்ணுன்னா மக்க வெக்கணும். இது செத்துப்போன மண்ணு" என்றேன்.

"போமே, பாடத்த பள்ளிக்கூடத்துல நடத்து. வலைய காப்பாத்தன மண்ணு மன்சன கெடுத்துடப்போவுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவளுக்கு என்ன தோன்றியதோ, அந்த வலையை மடித்துப் பரணில் வைத்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் படகை மேலே இழுத்துப் போடும்போது நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. புது மேட்டில், நல்ல இடமாகப் பார்த்து, அவரைப் புதைத்தார்கள். நல்ல வேட்டியாக, சிவப்புக் கரை போட்டதைக் கட்டியிருந்தார்கள். பொங்கலுக்கு நான் வாங்கிக் கொடுத்தது, கட்டாமலே வைத்திருந்தார்.

அம்மாவை மீஞ்சூருக்குக் கூப்பிட்டேன். "அங்க செத்தா இங்க யாரு இஸ்துக்கினு வருவாங்க? நான் வர்ல" என்று முடித்துவிட்டாள். என் தம்பியோடு ஊரிலேயே இருந்தாள். மீன் விற்கக் கூடை தூக்குவதையும் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு அமாவாசைக்கும், நைனாவுக்குப் படையல் வைத்துவிட்டு வருகிற தம்பியிடம் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"மண்ணு உக்காந்துச்சாடா?"

உள்ளே உடம்பு கரையக் கரைய மேலே குவித்த மண் உள்வாங்கும். பழைய மேட்டில் ஒரு வருஷத்துக்குள் பள்ளம் விழும், மறுபடி மண் அள்ளிப் போடுவார்கள். அதைத்தான் கேட்டாள். "உக்காந்துச்சிம்மா" என்பான் தம்பி. என்னைத் தனியாகப் பார்க்கும்போது, "வெச்சது வெச்சபடி கீதுக்கா, கல்லு மாதிரி" என்பான். அம்மாவிடம் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவள் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு, தன் இடம் தயாராகிறது என்று நிம்மதியாக இருந்தாள்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் பொன்னேரிப் பக்கம் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் வீடு கட்டியிருந்தார். கிருகப்பிரவேசத்துக்கு அப்புறம் ஒருநாள் கூப்பிட்டார், போனேன். பின்பக்கம் வாழை குலை தள்ளி நின்றது. மல்லிகை, கீரை, அவரைப் பந்தல். "எங்கிருந்தோ மேட்டு மண் கொண்டுவந்து அடித்தார்களாம், எதை வைத்தாலும் வருகிறது" என்றார் சந்தோஷமாக. வாழையடியில் ஏதோ உருண்டையாகக் கிடந்தது. எடுத்துத் துடைத்தேன். ஓட்டை போட்ட களிமண் குண்டு. எங்கள் வலைக்குண்டு. அந்த அம்மாள் காபி ஆறிப்போகிறது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார். யார் வீட்டு மண்ணை யார் வீட்டில் கொட்டியிருக்கிறான் பார் அந்தக் காண்டிராக்டர் என்று குண்டைக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன். அவரிடம் என்ன சொல்வது? அவர் என்ன பாவம் செய்தார்? காபியைக் குடித்துவிட்டு வந்தேன். குண்டு என் பையில் இருந்தது.

எண்பதுகளின் நடுவில், ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் அம்மா போனாள். காய்ச்சல், அவ்வளவுதான். நான் வந்து சேர்ந்தபோது பேச்சு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மன்சன் குழியில வெக்கச் சொல்லு. மாத்திகீத்தி வெச்சிடப் போறானுங்க" என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

காலையில் தம்பியும் நாலு பேரும் மண்வெட்டியோடு மேட்டுக்குப் போனார்கள். நாங்கள் பெண்கள் அம்மாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, வாசலில் கிடத்தி உட்கார்ந்திருந்தோம். போனவர்கள் வந்து சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தோம். வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. பிறகு தம்பி மட்டும் வந்தான். முழங்கால்வரை சாம்பல் சேறு. வாசலுக்கு வெளியே நின்றுவிட்டான். ஒப்பாரி தானாக நின்றது.

"அக்கா, நைனா அப்டியே கீறாரு" என்றான்.

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"வேட்டிக் கரைகூட அழியலக்கா. செவப்பு தெரியுது."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கூடப்போனவர்கள் பின்னாலேயே வந்தார்கள். மேல்தோல் மெழுகு மாதிரி ஆகிவிட்டதாம், ஆனால் ஆள் ஆளாகவே இருக்கிறாராம். கரையாத உடம்பின்மேல் இன்னொரு உடம்பை வைக்கக் கூடாது, அது ஊருக்கே ஆகாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவரை எடுத்து வேறு இடத்தில் வைக்கவும் யாருக்கும் கை வரவில்லை. குழியை மூடிவிட்டு வந்திருந்தார்கள். துறையில் வலையைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரு, நீ படிச்ச பொண்ணு. எப்பத்தாமே தின்னும்?"

"தின்றதுக்கு அங்க யாரு இருக்கா?" என்றேன். "தின்ற வாயெல்லாம் லாரில ஏத்தி அனுப்பிட்டு இப்ப வந்து என்ன கேக்கறீங்க. போங்க, அந்தக் காண்டிராக்டரப் போய்க் கேளுங்க." செத்த வீட்டில் அப்படிக் கத்தக் கூடாது. கத்தினேன்.

அம்மாவை மேட்டின் வாலில், தப்பித்துக் கிடந்த அந்தப் பழைய துண்டில், பனைகளுக்கு நடுவில் வைத்தார்கள். நைனா இருக்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஒப்பாரியில் புருஷன் பெயரைச் சேர்த்துப் பாட யாரும் வாய் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு போகும்போது நானும் பின்னால் நடந்தேன். வரக் கூடாது என்று ஒருத்தரும் தடுக்கவில்லை.

அடுத்த மழைக்குள் அம்மாவின் மண் உட்கார்ந்தது. தம்பி மீஞ்சூர் வந்து சொன்னான். மழைக்கு மறுநாள் அங்கே இரண்டு காளான் வந்திருந்ததாம். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பைத்தியக்கார யோசனைதான். பாலில் ஒரு கரண்டி பழைய மோர் விட்டால் மொத்தமும் உறைந்து தயிராகிறதே, அந்த மாதிரி உயிருள்ள மண்ணைக் கொண்டுபோய் உயிரில்லாத மண்ணில் கலந்தால் என்ன? தம்பியிடம் சொன்னேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. மீன் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவன் அம்மாவின் இடத்திலிருந்து வெட்டிக் கொடுத்தான், நான் சுமந்துபோய் நைனாவின்மேல் கொட்டினேன். மேலே கொத்திவிட்டு, சருகும் சாணியும் சேர்த்துக் கிளறினோம். உப்புப் போக நல்ல தண்ணீர் ஊற்றினோம். ஒவ்வொரு மழைக்கும் செய்தோம். ஊர் ஆட்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் புல் வந்தது, வெயிலில் காய்ந்தது. பெருமழை வந்தால் நாங்கள் போட்ட கறுப்பு மண்ணை வழித்துக்கொண்டுபோய் ஏரியில் விட்டது. கீழே அந்தச் சாம்பல் கட்டி இறுகியபடி அப்படியே இருந்தது.

எண்பதுகள் முடிகிற சமயம், கடைசியாகக் கொட்டியபோது கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். விரல் நுழைந்த ஆழத்துக்குக் கீழே எல்லாம் பழைய கதைதான். மோந்து பார்த்தேன்.

"ஒறஞ்சிதாக்கா?" என்றான் தம்பி.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் வெறும் கூடையைக் கவிழ்த்துத் தட்டினான். நான் கையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அது வெறும் பனையடி மண் இல்லை, அதில் பாதி அம்மா. வருஷா வருஷம் தலையில் சுமந்துபோய் அவளைத்தான் அவரிடம் கொட்டியிருக்கிறேன். அவள் கூடை கூடையாக அவர் பக்கத்துக்குப் போய்விட்டாள். அந்த மனுசன்தான், உயிரோடு இருந்தபோது செய்த மாதிரியே, இன்னும் வந்து சேரவில்லை.